எம்.பி.பி.எஸ். முடித்தபின் பயிற்சி எங்கே? தமிழ்நாடு, மத்திய நிறுவனங்கள், அமெரிக்கா, பிரிட்டன்: சம்பளம், சலுகை, நுழைவுத் தகுதி

சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் கட்டாயப் பயிற்சி) முடியப்போகும் நேரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்கே மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். உண்மையில் அது நான்காவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. உள்ளே நுழைய வாய்ப்பு எவ்வளவு, நுழையும்வரை கைக்காசு எவ்வளவு கரையும், முடித்தபின் யாருக்கு எத்தனை ஆண்டு கட்டுப்பட்டிருப்போம் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரவேண்டும். டாலரை ரூபாயாக்கிப் பார்த்து முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வழியையும் சம்பளத்தோடு சேர்த்து இந்த மூன்றையும் வைத்தே இங்கே பார்க்கிறோம்.

நீட் பி.ஜி.: சீட்டுக் கணக்கு

மருத்துவ மேற்படிப்புக்கான (பி.ஜி.) இந்த நுழைவுத் தேர்வு 200 கேள்வி, 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். மொத்தம் மூன்றரை மணி நேரம். ஆனால் அது ஐந்து பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு 40 கேள்விக்கும் 42 நிமிடம் தரப்படுகிறது. ஒரு பிரிவின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறித்துவைத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. மாதிரித் தேர்வுகளையும் 42 நிமிடத் துண்டுகளாகவே எழுதிப் பழகுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி ஒன்றில் 100 பி.ஜி. சீட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 சீட் நாடு முழுவதுக்கும் பொதுவான ஆல் இந்தியா கோட்டாவுக்குப் போய்விடும். மாநிலத்திடம் இருக்கும் 50-இல் பாதி, அதாவது 25, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இந்த சர்வீஸ் கோட்டாவுக்கான மாநில உரிமையை உறுதி செய்தது. மிச்சம் 25-க்குத்தான் பணியில் சேராத நீங்கள் மாநிலக் கவுன்சலிங்கில் போட்டியிடுகிறீர்கள். அதிலும் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி உங்கள் பிரிவுக்கு எத்தனை என்று பார்க்கவேண்டும். 2025 ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றம், பி.ஜி. சேர்க்கையில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே "நம்ம மாநிலத்துப் பிள்ளை" என்ற பாதுகாப்பை நம்பித் திட்டமிட வேண்டாம்.

சான்றிதழில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தவறு உண்டு. தமிழ்நாடு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஆல் இந்தியா கோட்டாவில் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் வாங்கிய ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் வேண்டும். சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கவேண்டும். விதிமுறை கேட்கும் தேதிக்குள் வாங்கியிருக்கவேண்டும். கவுன்சலிங் தொடங்கியபின் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் பெரும்பாலும் முதல் சுற்று போய்விடும்.

கவுன்சலிங் பணமும் சின்னது அல்ல. ஆல் இந்தியா கோட்டாவுக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை பொதுப் பிரிவுக்கு 25,000 ரூபாய், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் 2 லட்சம் கட்டவேண்டும். முதல் சுற்றில் கிடைத்த சீட்டில் சேராமல் விட்டாலும் பணம் போகாது. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் ராஜினாமாவுக்கு வழியில்லை. மிஞ்சிய சீட்டுகளுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்த சீட்டை விட்டால் வைப்புத்தொகையோடு அடுத்த நீட் பி.ஜி. எழுதும் தகுதியும் போகும். விரும்பாத பிராஞ்சைப் "போட்டுவைப்போம்" என்று பட்டியலில் சேர்ப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) மத்திய நிறுவனம் தருவதைவிட மிகக் குறைவு. தனியார் கல்லூரியும் மாநில அரசுக் கல்லூரிக்கு நிகராகத் தரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிமுறை சொல்கிறது. அதே விதிமுறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் சாதாரண விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு உண்டு. வருகை 80 சதவீதம் வேண்டும். மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி. காகிதத்தில் இருக்கும் வாராந்திர ஓய்வு டியூட்டி ரோஸ்டரில் இருக்கிறதா என்பதை அந்தத் துறையின் இரண்டாமாண்டு பி.ஜி. ஒருவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதலாமாண்டிடம் கேட்காதீர்கள், அவர் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும்.

பாண்ட் தனிக்கதை. அரசு சீட்டில் சேரும்போதே, முடித்தபின் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவதாகப் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும். மீறினால் தொகை லட்சக்கணக்கில். பணிக்காலமும் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆல் இந்தியா கோட்டாவில் வேறு மாநிலம் போனால் அந்த மாநிலத்து விதிதான். சேரும்போது ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் பாண்ட் முடியும்வரை அவர்களிடமே இருக்கும். பி.ஜி. முடித்த உடனே வெளிநாட்டு ஃபெலோஷிப் போக நினைப்பவருக்கு ஸ்டைபெண்டைவிட இதுதான் பெரிய செலவு.

தனியார் மேனேஜ்மென்ட் கோட்டாவையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் ஒரே வரியில் முடிக்கலாம்: ரேடியாலஜி, டெர்மட்டாலஜி போன்ற பிராஞ்சுக்கு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம், கடன் வாங்கி அதில் சேரவேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பலர் மறக்கும் வழி: முதலில் அரசுப் பணி

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் உதவி மருத்துவராகச் சேர்ந்தால் சம்பள நிலை 22, அதாவது அடிப்படை 56,100 ரூபாயில் தொடக்கம், மேலே அகவிலைப்படி. தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டாண்டு பணி முடித்தால் மேலே சொன்ன அந்த 25 சீட்டுக்குள் போட்டியிடலாம். அங்கே போட்டியிடுபவர் எண்ணிக்கை பல மடங்கு குறைவு. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய நிலையில் இருப்பவருக்கும், முதல் நீட்டில் நினைத்த ராங்க் வராதவருக்கும், கோச்சிங் சென்டரில் மூன்றாம் ஆண்டைக் கழிப்பதைவிட இது நல்ல வழி. குறை என்னவென்றால், தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. வரும்போது எழுதத் தயாராக இருக்கவேண்டும்.

ஐ.என்.ஐ. செட்: இந்தியாவுக்குள் சம்பளத்துக்கு இதுதான் முதலிடம்

எய்ம்ஸ்கள், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தனித் தேர்வு. இங்கே ஜூனியர் ரெசிடென்டுக்கு (பி.ஜி. பயிற்சி மருத்துவருக்கு) அடிப்படை 56,100. அதில் 20 சதவீதம் தனியார் தொழில் செய்யாமைப் படி, 11,220. இரண்டையும் கூட்டிய 67,320-க்கு அகவிலைப்படி கணக்கிடப்படும். 2025 ஜூலையில் இருந்த 58 சதவீதத்தில் அது 39,046. ஆக மாதம் 1,06,366 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஹாஸ்டலில் தங்கினால் அந்தப் படி கிடையாது. கல்விக் கட்டணமோ பெயரளவுக்குத்தான். மூன்றாண்டில் எம்.டி.யும் கையில் சேமிப்பும் வேண்டுமென்றால் இதற்கு இணையான இடம் நாட்டில் இல்லை. சீட் குறைவு, அதிலும் அந்த நிறுவனத்தில் எம்.பி.பி.எஸ். படிக்காத வெளியாருக்கு இன்னும் குறைவு என்பதே தடை. நீட்டுக்குப் படிக்கும் பாடமே இதற்கும் போதும், கேள்வியின் போக்குதான் வேறு. ஆகவே இரண்டையும் சேர்த்து எழுதுவதில் நட்டமில்லை.

அமெரிக்கா: சம்பளம் தெளிவு, விசா சிக்கல்

2024-25-இல் பல பயிற்சித் திட்டங்கள் முதலாண்டு ரெசிடென்டுக்கு ஆண்டுக்கு 65,000 முதல் 75,000 டாலர்வரை தந்தன. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற விலை அதிகமான இடங்களில் 80,000-ஐத் தாண்டியதும் உண்டு. பிராஞ்சைப் பொறுத்துச் சம்பளம் மாறாது. ஒரே மருத்துவமனையில் குழந்தை நலமும் நரம்பு அறுவையும் ஒரே சம்பளம்தான். ஆண்டுக்கு ஆண்டு சில ஆயிரம் டாலர் கூடும்.

68,000 டாலரை எடுத்துக்கொள்வோம். திருமணமாகாதவர், வழக்கமான வரிக்கழிவு உள்ளவர் என்றால் கூட்டாட்சி வருமான வரி சுமார் 6,400, சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் சேர்த்து 5,200. மாநில வரி, காப்பீட்டுப் பங்கு போக மாதம் 4,300 டாலரை ஒட்டிக் கைக்கு வரும். பயிற்சிக்குப் போகிறவருக்கான ஜே-1 விசாவில் முதல் இரண்டு காலண்டர் ஆண்டுக்கு அந்த 5,200 பிடிக்கக்கூடாது. சம்பளப் பிரிவு தெரியாமல் பிடித்துவிடுவதும் உண்டு, முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துத் திரும்பக் கேளுங்கள். மணிக்கணக்கு வேறு மாதிரிச் சொல்லும்: வாரம் 70 மணி, ஆண்டுக்கு 49 வாரம் என்றால் மணிக்கு 20 டாலர்கூட முழுதாக வராது. நான்கு வாரச் சராசரியில் வாரம் 80 மணி உச்ச வரம்பு, ஏழில் ஒரு நாள் ஓய்வு, தொடர் பணி 24 மணியும் ஒப்படைப்புக்கு மேலும் 4 மணியும் என்பது விதி. மகப்பேறு, நோய், குடும்பத்தாரைக் கவனித்தல் ஆகியவற்றுக்குப் பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது 6 வாரம் முழுச் சம்பள விடுப்பு 2022 ஜூலை முதல் கட்டாயம். நம் ஊர் பி.ஜி.க்கு இது இன்னும் கனவு.

நுழையத் தேவையானவை: யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., மருத்துவத்துக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, இவற்றின்மேல் வெளிநாட்டுப் பட்டதாரிகளைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ். ஸ்டெப் தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். ஸ்டெப் 1 2022 ஜனவரி 26 முதல் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். ஆகவே எடை முழுவதும் ஸ்டெப் 2 எண்ணில் விழுகிறது. ஒரு தோல்வி இருந்தாலே பல திட்டங்கள் விண்ணப்பத்தைத் திறப்பதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து ஐந்தாண்டு தாண்டியவரையும் அப்படியே வடிகட்டுகிறார்கள். இங்கே மூன்று முறை நீட் எழுதிவிட்டு "சரி, அமெரிக்கா பார்ப்போம்" என்று திரும்புபவர் இழப்பது இதைத்தான்.

பணம்: ஸ்டெப் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலருக்கு மேல். விண்ணப்பக் கட்டணம் ஒரு பிராஞ்சில் முதல் 30 திட்டத்துக்குத் தலா 11 டாலர், 31-ஆவதிலிருந்து தலா 30. வெளிநாட்டுப் பட்டதாரி இன்டர்னல் மெடிசினுக்கு 150 திட்டம் போடுவது சகஜம். கணக்குப் போட்டால் 330 + 3,600 = 3,930 டாலர். அங்கே போய் ஓரிரு மாதம் மருத்துவமனை அனுபவமும் அந்த ஊர் மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் இந்த 150-உம் வீண். பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கிக்கொண்டு இறங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அது திரும்பாது. விண்ணப்பதாரரையும் பயிற்சித் திட்டத்தையும் பொருத்தும் 2025 மேட்சில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது; அதாவது பத்தில் நான்கு பேருக்கு இல்லை. கிடைத்தவை பெரும்பாலும் இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், குழந்தை நலம், பேத்தாலஜி, மனநலம் போன்றவை. ஆர்த்தோ, டெர்மா, நரம்பு அறுவை என்று மனதை உறுதி செய்தவர் இந்தியாவிலேயே முயல்வது நல்லது.

காலண்டர்: செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரிவரை நேர்முகம், மார்ச் தொடக்கத்தில் விருப்பப் பட்டியல், மார்ச் மூன்றாம் வெள்ளி முடிவு, ஜூலை 1 பணி. பட்டியலில் "எனக்குக் கிடைக்கும்" என்று தோன்றும் இடத்தை முதலில் போடாதீர்கள். விண்ணப்பதாரர் விருப்பத்திலிருந்து தொடங்கும் கணக்கீட்டு முறை அது. உண்மையில் விரும்பும் வரிசைதான் எப்போதும் லாபம். முடிவு இருபக்கத்தையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், பிடிக்கவில்லை என்று விட முடியாது.

விசா விஷயத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஜே-1 என்றால் இந்தத் துறை மருத்துவர் நாட்டுக்குத் தேவை என்று இந்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து தேவைச் சான்று வாங்கவேண்டும், திரும்பி வருவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டு இந்தியாவில் இருக்கவேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை செய்து விலக்குப் பெறவேண்டும். இந்த விலக்கைத் தரும் கான்ராட் திட்டத்தில் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம்தான். மேட்ச் நாளிலிருந்து ஜூன் நடுவுக்குள் ஒப்பந்தம், தேவைச் சான்று, டி.எஸ்.-2019 (ஜே-1-க்கான தகுதிப் படிவம்), தூதரக நேர்முகம் நான்கும் முடியவேண்டும், மூன்றே மாதம். இந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று எச்-1பி என்ற வேலை விசாவைத் தேடியவர்கள் உண்டு. அதற்கு விண்ணப்பிக்குமுன் அதே உரிமத் தேர்வின் ஸ்டெப் 3-உம் தேறியிருக்கவேண்டும். 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற உத்தரவு வந்தபின் இங்கிருந்து போகிறவருக்கு நடைமுறையில் ஜே-1தான் வழி. அதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: ஜே-1-உடன் சேர்ந்த குடும்ப விசாவான ஜே-2-வில் வரும் கணவரோ மனைவியோ பணி அனுமதி வாங்கி வேலை பார்க்கலாம், எச்-1பி-யின் குடும்ப விசாவான எச்-4-இல் தொடக்கத்திலேயே அது நடக்காது. இருவரும் சம்பாதிக்கவேண்டிய குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

பிரிட்டன்: வேலை நேரம் நல்லது, வாசல் குறுகிவிட்டது

இங்கிலாந்தில் 2025-26 அடிப்படைச் சம்பளம் முதலாண்டு ஃபவுண்டேஷனுக்கு (பட்டம் முடித்தபின் வரும் தொடக்கப் பயிற்சி) 38,831 பவுண்டு, இரண்டாமாண்டுக்கு 44,439, சிறப்புப் பயிற்சியின் முதல் இரண்டாண்டுக்கு 52,656, அடுத்த கட்டத்துக்கு 65,048. இது வாரம் 40 மணிக்கு. கூடுதல் மணி, வார இறுதிப் படி தனி, இரவுப் பணிக்கு 37 சதவீதம் கூடுதல். நம்மவர்கள் வழக்கமாக நுழையும் 44,439 நிலையில் ஓய்வூதியப் பிடித்தம், வரி, தேசியக் காப்பீடு போக மாதம் 2,650 பவுண்டை ஒட்டி வரும். 27 நாள் ஆண்டு விடுப்பு, ஐந்தாண்டுப் பணிக்குப்பின் 32. பொது விடுமுறை தனி. சராசரி 48 மணி வரம்பை மீறினால் எழுத்தில் புகார் தரும் முறை இருக்கிறது, பயன்படுத்தவும் செய்கிறார்கள். உடம்பும் குடும்பமும் தாங்கும் பயிற்சி எது என்று கேட்டால் நான்கில் இதுதான்.

வெளிநாட்டு மருத்துவர் அங்கே பதிவு பெறுவதற்கான தேர்வு பிளாப். பிளாப் 1 சென்னையிலேயே எழுதலாம்: 180 கேள்வி, மூன்று மணி. பிளாப் 2 மான்செஸ்டரில் மட்டும். ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7, அல்லது ஓ.இ.டி.யில் நான்கிலும் பி. செலவு அமெரிக்க வழியில் பாதிகூட ஆகாது, அதனால்தான் இவ்வளவு பேர் போனார்கள். ஆனால் பிளாப் தேறினால் கிடைப்பது பதிவு மட்டும். வேலையும் இல்லை, பயிற்சி இடமும் இல்லை. 2025-இல் பத்தாயிரத்துச் சொச்சம் சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு 30,000-க்கு மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்றது. 2026 ஜனவரியில் அதற்கான மசோதாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பிளாப் முடித்துவிட்டு மாதக்கணக்கில் வாடகை கட்டிக்கொண்டு, ஒரே வேலைக்கு நூற்றுக்கணக்கானோருடன் காத்திருப்பவர்கள் இன்று நிறையப் பேர். இங்கிருந்து புதிதாக இந்த வழியில் இறங்கவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். இந்தியாவில் எம்.டி. முடித்தபின் அனுபவத்துக்காகச் சில ஆண்டு போவது வேறு விஷயம்.

யாருக்கு எது

மெடிசின் பக்கம் விருப்பம், படிப்பில் முதல் முறைத் தேர்ச்சி, கையில் இழக்கக்கூடிய பத்து லட்சம், முடித்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருக்கிறார் என்றால் அமெரிக்கா. அறுவை அல்லது ரேடியாலஜி என்றால் நீட்டும் ஐ.என்.ஐ. செட்டும். குடும்பச் சுமை உடனே இருக்கிறது என்றால் அரசுப் பணி, பிறகு சர்வீஸ் கோட்டா. நீட்டையும் ஸ்டெப் தேர்வையும் ஒரே ஆண்டில் படிப்பதைப் பலர் முயல்கிறார்கள்; பாடம் ஒன்று போலத் தோன்றினாலும் கேள்வி கேட்கும் முறை வேறு. இரண்டிலும் நடுத்தர எண் வருவதுதான் வழக்கமான முடிவு. ஒன்றை எடுத்துப் பதினெட்டு மாதம் கொடுங்கள்.

எந்த வெளிநாட்டு வழியானாலும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: பெயர். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழிலும் எம்.பி.பி.எஸ். பட்டத்திலும் "எம். கார்த்திக்" என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "கார்த்திக் முருகன்" ஆகிவிடும், சிலருக்கு முன்பின் மாறியும் வரும். இ.சி.எஃப்.எம்.ஜி. பட்டத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிடும். தேர்வு மையம் அனுமதிச்சீட்டையும் அடையாள அட்டையையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மாறினால் அன்றைய தேர்வு போயிற்று, கட்டணமும் போயிற்று. முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அதில் உள்ள பெயரிலேயே எல்லா இடத்திலும் பதிவு செய்யுங்கள். பட்டத்தில் வேறாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தைத் தயாராக வையுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் பட்டியல் பிரதிகளுக்கும், தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு நன்னடத்தைச் சான்றுக்கும் சி.ஆர்.ஆர்.ஐ. கடைசி மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். டீன் அலுவலகத்தில் வெளிநாட்டுச் சரிபார்ப்பைப் பார்க்கும் ஊழியர் யார் என்பதை ஊரைவிட்டுக் கிளம்புமுன் நேரில் போய்த் தெரிந்துகொண்டு வாருங்கள்.